கேட்டது படிகம், வந்தது வளையம்

2018-இல் வெளியான மார்க்கோ என்ற கணினி நிரலுக்குப் புரதப் படிகமாக்கல் துளிகளின் படங்கள் ஏறத்தாழ 5 லட்சத்தைக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்தையும் அது நான்கு வகைகளில் ஒன்றில் சேர்க்க வேண்டும்: தெளிந்த துளி, வீழ்படிவு, படிகம், மற்றவை. முதல் மூன்றைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நான் எழுத வந்தது நான்காவதைப் பற்றி. வளையங்கள், எண்ணெய்ப் பொட்டுகள், முள்முள்ளாக நிற்கும் உருண்டைகள், ஒரே இரவில் துளியின் குறுக்கே ஓடிவிட்ட ஊசிகள், நூல் போன்ற இழைகள் ஆகியவற்றை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் அடிக்கடி பார்க்கிறோம். பார்த்துவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்துவிடுகிறோம். நகராமல் நின்று பார்த்தபோது எனக்குக் கிடைத்தவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு புரதத்தின் உருவத்தை எக்ஸ் கதிரால் கண்டறிய அதன் படிகம் வேண்டும். தூய்மையாக்கிய புரதக் கரைசலில் ஒரு பொட்டு எடுத்து, அதனுடன் வீழ்படிவாக்கிக் கரைசல் ஒரு பொட்டு சேர்க்கிறோம். வீழ்படிவாக்கி என்பது அம்மோனியம் சல்பேட் போன்ற உப்பாக இருக்கலாம். பெக் என்று நாங்கள் சுருக்கி அழைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்காலாகவும் இருக்கலாம். பக்கத்துக் குழியில் அதே வீழ்படிவாக்கியை நிறைய ஊற்றிக் காற்றுப் புகாமல் மூடிவிடுகிறோம். குழியின் செறிவு அதிகம் என்பதால் துளியில் உள்ள நீர் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குப் போய்ச் சேர்கிறது. துளி சுருங்கச் சுருங்கப் புரதம் தெவிட்டிய நிலையைத் தாண்டி மீதெவிட்டிய நிலைக்குள் நுழைகிறது. அங்கே படிகக் கரு உண்டாகலாம், உண்டாகாமலும் போகலாம். எந்தப் புரதம் எந்தக் கரைசலில் படியும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றும் வழியில்லை. அதனால் 1991-இல் ஜான்காரிக், கிம் இருவரும் 50 கரைசல்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். அந்த மரபில் வந்த பட்டியல்களை இன்று ரோபோக்கள் 96 குழித் தட்டுகளில், 100 நானோலிட்டர் அளவுத் துளிகளாக வைக்கின்றன.

துளி சுருங்கும்போது அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. ஓரம் முந்துகிறது, நடுப்பகுதி பிந்துகிறது. காற்றுப் படும் மேற்பரப்பில் ஒரு நிலைமை, பிளாஸ்டிக்கைத் தொடும் அடிப்பகுதியில் வேறு நிலைமை. கலக்காமல் வைத்த துளியில் புரதம் ஒரு பக்கமும் வீழ்படிவாக்கி இன்னொரு பக்கமும் சிறிது நேரம் தனித்தனியாகவே இருக்கும். நாம் பார்க்கும் விசித்திர வடிவம் இந்த ஏற்றத்தாழ்வுகளின் வரலாறு. ஆகவே ஒரு துளியைப் பார்த்ததும் ‘இது என்ன?’ என்று கேட்பதை நான் குறைத்துக்கொண்டேன். ‘இது எப்போது தொடங்கியது, எங்கிருந்து தொடங்கியது, புரதம் இல்லாமலும் வருமா?’ என்று கேட்பதே அதிகம்.

வளையங்கள்

ஆய்வு மாணவி ஒருத்தி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிட்டாள். “அக்கா, இதைப் பாருங்களேன். யாரோ காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி இருக்கிறது.”

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. துளியின் ஒரு புறத்தில் ஒரு மையம், அதைச் சுற்றி வெளிர்பழுப்பு நிறத்தில் வீழ்படிவு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் முற்றிலும் தெளிந்த இடைவெளி. வெளியே போகப் போக இடைவெளி அகன்றுகொண்டே போனது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் வட்டத்தின் கோடு கோடாக இல்லை. மணல் தூவியது போலப் பொடிப்பொடியாக இருந்தது. உள்வட்டங்களில் பொடி மிக நுண்மை. கடைசி வட்டத்தில் சில பொடிகளுக்கு மூலைகள் இருந்தன.

இப்படி வரும் வளையங்களுக்கு வேதியியலில் ஒரு பழைய கதை உண்டு. 1896-இல் ரபேல் லீசகாங் என்ற ஜெர்மானியர், பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் படலத்தின் மேல் வெள்ளி நைட்ரேட்டில் ஒரு சொட்டு வைத்தார். வெள்ளி நைட்ரேட் பரவிய வழியெல்லாம் ஒரே சீராக வீழ்படிவு வந்திருக்க வேண்டும். வந்ததோ விட்டுவிட்டு வளையங்கள். இதற்கான எளிய விளக்கம் இது: ஓர் இடத்தில் செறிவு ஒரு வரம்பைத் தாண்டியதும் வீழ்படிவு சட்டென்று உண்டாகிறது. அது சுற்றுப்புறத்தில் இருந்த பொருளையும் இழுத்துக்கொள்கிறது. அதனால் பக்கத்துப் பகுதி வறண்டுபோய், அங்கே வரம்பைத் தாண்ட முடிவதில்லை. பரவும் முனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போன பிறகுதான் மறுபடி வரம்பு தாண்டப்படுகிறது. அங்கே அடுத்த வளையம்.

புரதத் துளியில் வளையத்தைக் கண்டதும் லீசகாங் பெயரைச் சொல்லிவிட ஆசை வரும். ஆனால் துளியில் வளையம் வர இன்னொரு சாதாரண வழியும் இருக்கிறது. துளியின் ஓரம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சுருக்கம் அதிகமானதும் பிடி விட்டு உள்ளே தாவும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டி நின்ற இடந்தோறும் ஒரு கறை தங்கும். காய்ந்துகொண்டிருக்கும் எந்தக் கலங்கல் நீரிலும் இதைப் பார்க்கலாம். இரண்டையும் பிரிப்பது எளிது, முதல் நாளிலிருந்து படங்கள் இருந்தால். ஓரம் தாவி உண்டான வளையங்கள் துளியின் எல்லைக் கோட்டுடன் ஒரே மையம் கொண்டிருக்கும். வெளியிலிருந்து உள்ளே வரிசையாக வரும். துளியின் விட்டம் படத்துக்குப் படம் குறையும். எங்கள் துளியில் விட்டம் பெரிதாக மாறவில்லை, மையம் துளியின் நடுவில் இல்லை, வளையங்கள் உள்ளிருந்து வெளியே போயின. ரோபோ வீழ்படிவாக்கியை வைத்த இடம்தான் மையம் என்பது துளி வைத்தவுடன் எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

இதில் நடைமுறைப் பயன் என்ன என்பதற்கு வருகிறேன். ஒரே துளிக்குள் செறிவு படிப்படியாகக் குறைந்திருக்கிறது; நடுவில் நுண்பொடி, ஓரத்தில் மூலை முளைத்த பொடி. செறிவு குறைந்த இடத்தில்தான் ஒழுங்கு வந்திருக்கிறது என்றால், நம் கரைசல் தேவைக்கு மேல் கடுமையானது என்று அந்தத் துளியே சொல்லிவிட்டது. மாணவி இரண்டு வேலைகளைச் செய்தாள். முதலில், அதே கரைசலில் புரதத்தின் செறிவைப் பாதியாக்கி, துளியை நன்றாகக் கலக்கி வைத்தாள். வளையம் போயிற்று, வீழ்படிவும் குறைந்தது, படிகம் மட்டும் வரவில்லை. அடுத்து, நுண்குழாயில் எதிர்விரவல் முறையை முயன்றாள். அதில் கலக்குவதே கிடையாது. மெல்லிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையிலிருந்து வீழ்படிவாக்கி புரதத்துக்குள் ஊடுருவிப் போக விடுகிறோம். குழாயின் நீளத்தில் ஒரு பக்கம் கடுமை, மறுபக்கம் மென்மை என்று எல்லா நிலைகளும் ஒரே சோதனையில் அமைந்துவிடும். நுழைவாயில் அருகே வீழ்படிவு, கொஞ்சம் தள்ளி நுண்படிகக் கூட்டம், அதற்கும் அப்பால் தனித்தனியாக நின்ற சில தகடுகள். துளியில் வட்டமாகச் சுருண்டிருந்ததை நேர்கோட்டில் நீட்டி வைத்ததுதான் அது.

வளையம் கண்டால் எதிர்விரவலை முயன்று பாருங்கள் என்று அதன் பிறகு எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். எல்லாப் புரதத்துக்கும் பலிக்கும் என்று சொல்லவில்லை. செலவு குறைவு என்பதால் சொல்கிறேன்.

எண்ணெய்ப் பொட்டுகளும் முள் உருண்டைகளும்

துளிக்குள் துளிகள். வட்டமான, பளபளப்பான, ஓரம் கூர்மையான பொட்டுகள். ‘எண்ணெய் வந்துவிட்டது’ என்று சலிப்போடு சொல்வது ஆய்வகப் பழக்கம். இது எண்ணெயல்ல, புரதம் செறிந்த நீர்மம். புரதம் செறிந்த பகுதி, புரதம் குறைந்த பகுதி என்று ஒரே கரைசல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கண்ணின் வில்லையில் உள்ள காமா கிரிஸ்டலின் புரதங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. இளம் விலங்குகளின் வில்லையைக் குளிரவைத்தால் இந்தப் பிரிவினையால் அது வெண்மையாகிவிடும். சூடேற்றினால் மறுபடி தெளிந்துவிடும்.

1997-இல் டென் வோல்டே, ஃபிரெங்கல் இருவரும் கணினிக் கணக்கீட்டில் ஒன்றைக் காட்டினார்கள்: நீர்மம் இப்படிப் பிரியும் எல்லைக்கு அருகில் படிகக் கரு உண்டாவதற்கான தடை வெகுவாகக் குறைகிறது. மூலக்கூறுகள் முதலில் நெருங்கிக் கூடிவிட்டுப் பிறகு வரிசைப்படுகின்றன. ஆகவே எண்ணெய்ப் பொட்டு வந்தால் நான் சந்தோஷப்படும் ஆள். மடிப்பு குலைந்து சிதைந்த புரதம் பெரும்பாலும் பழுப்புக் கசடாகத்தான் விழும். நீர்மமாகப் பிரிந்து நிற்கிறது என்றால், புரதங்களுக்கிடையே உள்ள ஈர்ப்பு ஏறத்தாழத் தேவையான அளவில் இருக்கிறது என்று நம்ப இடமுண்டு. செய்ய வேண்டியவை சில. தட்டைக் கலைக்காமல் விட்டுவைப்பது முதலாவது. அடுத்து, 20 டிகிரியில் வைத்ததை 4 டிகிரியிலும், 4 டிகிரியில் வைத்ததை 20 டிகிரியிலும் இரட்டையாக வைத்துப் பார்ப்பது. பிரிவினை வெப்பநிலையைப் பொறுத்தது, சில டிகிரி மாற்றமே எல்லையின் மறுபக்கம் தள்ளிவிடும். மூன்றாவதாக, வேறு துளியில் கிடைத்த நுண்படிகப் பொடியை இதில் விதைப்பது. பிந்திய படங்களில் ஏதோ ஓரிடத்தில் பொட்டுகள் காணாமல் போய், அந்த வெற்றிடத்தின் நடுவில் ஒரு படிகம் நிற்கக் கண்டால், பொட்டுகளைத் தின்றுதான் அது வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. பெக்கும் பாஸ்பேட் அல்லது சல்பேட் உப்பும் சேர்ந்தால் புரதமே இல்லாமலும் கரைசல் இரண்டாகப் பிரியும். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் சவ்வுப் புரதங்களின், டிடர்ஜென்ட் கலந்த கரைசல்களில் டிடர்ஜென்டே பிரிந்து நிற்கும். புரதமில்லாத ஒப்பீட்டுத் துளியில் அதே பொட்டுகள் தெரிந்தால் சந்தோஷத்தை ஒத்திப்போடலாம்.

முள் உருண்டைகள் வேறு ரகம். ஒரு மையத்திலிருந்து நுண் ஊசிகள் எல்லாத் திசையிலும் புறப்பட்டு உருண்டையாக நிற்கும், ஸ்பெருலைட் என்பார்கள். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்கள் இரண்டைக் குறுக்காக வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு உருண்டையிலும் கறுப்பாக ஒரு சிலுவை தெரியும். அழகான காட்சிதான். ஆனால் அந்தச் சிலுவை ‘இழைகள் ஆரங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன’ என்பதை மட்டுமே சொல்கிறது. இன்சுலின் தன் மடிப்பு மாறி, அமிலாய்டு எனப்படும் இழைகளாகத் திரண்டு உருவாகும் உருண்டைகளிலும் இதே சிலுவை வரும். அமிலாய்டு இழையிலிருந்து படிகம் எடுக்க முடியாது. உருண்டையை உடைத்துப் பொடியாக்கி வேறு கரைசல்களில் விதைத்துப் பார்ப்பதுதான் நேரான சோதனை. உள்ளே இருப்பது நுண்படிகங்கள் என்றால் 96 கரைசல்களில் ஏதாவது ஒன்றிலாவது தனி ஊசியோ தகடோ கிளம்பக்கூடும். ஒன்றிலும் கிளம்பாவிட்டால் புரதத்தின் நீளத்தை மாற்றி வெட்டிப் பார்ப்பதற்கு நேரம் செலவிடுவது மேல்.

தட்டு முழுவதும் ஒரு வடிவம்

எதிர்பாராத வடிவங்களில் மனிதரை அதிகம் ஏமாற்றுபவை அழகான, கூர்மையான, பெரிய படிகங்கள். அவற்றில் பல வெறும் உப்பு.

எங்களுடன் வேலை செய்த ஒருவருக்குக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்று. அதனால் புரதத்தின் தாங்கல் கரைசலில், அதாவது பி.எச். மாறாமல் புரதத்தைக் கரைத்து வைத்திருக்கும் கரைசலில், கால்சியம் குளோரைடு தாராளமாக இருந்தது. துளி வைத்த மறுநாள் காலையில் தட்டில் ஏழெட்டு இடங்களில் நீண்ட, நிறமற்ற ஊசிகள். ஆய்வகமே கூடிவிட்டது. ஊசிகளைத் தனித்தனியாகப் பார்த்தவரை எல்லாமே நம்பிக்கை ஊட்டின. கரைசல் பட்டியலை எடுத்து, ஊசி வந்த குழிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தபோது விஷயம் வேறாகத் தெரிந்தது. பெக் வெவ்வேறு, பி.எச். 5 முதல் 8 வரை சிதறிக் கிடந்தது, ஆனால் புள்ளி விழுந்த குழிகள் அனைத்திலும் சல்பேட் இருந்தது. சல்பேட் இல்லாத ஒன்றில்கூட ஊசி இல்லை. கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம். நீரில் லிட்டருக்கு இரண்டு கிராமைச் சற்றே தாண்டித்தான் கரையும். நீண்ட ஊசிகளாக வளர்வதில் அதற்கு நிகரில்லை.

இந்த ஒரு பழக்கத்தை மட்டும் யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்பேன்: படிகம் வந்த துளிகளை நுண்ணோக்கியில் ஆராயும் முன் காகிதத்தில் ஆராயுங்கள். உண்மையான புரதப் படிகம் பி.எச்.க்கும் வீழ்படிவாக்கியின் வகைக்கும் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். சிறிது மாறினால் காணாமல் போகும், அல்லது உருவம் மாறும். உப்புப் படிகம் இரண்டு அயனிகள் எங்கெல்லாம் சந்திக்கின்றனவோ அங்கெல்லாம் வரும். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் ஒன்றாக இருந்து பி.எச். சற்றுக் காரப் பக்கம் சாய்ந்தால் ஸ்ட்ரூவைட் வரும். கிருமித்தொற்றால் உண்டாகும் சிறுநீரகக் கற்களில் இருக்கும் அதே கனிமம். புரதத்தைப் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் வைத்துக்கொண்டு பட்டியல் கரைசல்களை முயல்கிறவர்கள் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் உள்ள குழிகளில் வருவதையெல்லாம் முதலில் சந்தேகிக்க வேண்டும். பாஸ்பேட்டைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

சந்தேகம் தீராவிட்டால் கைவசம் சில சோதனைகள் இருக்கின்றன. எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

போலரைசர் முதலில். உப்புப் படிகங்கள் பொதுவாகப் பளிச்சென்று வண்ணம் காட்டும், புரதப் படிகங்கள் மங்கலாக. ஆனால் கனசதுர ஒழுங்கு உள்ள படிகம், புரதமானாலும் உப்பானாலும், ஒன்றும் காட்டாது. இதைவிடப் பெரிய தொல்லை தட்டு. பாலிஸ்டைரீன் தட்டுகள் அச்சில் வார்க்கப்படும்போது உள்ளே உறையும் இறுக்கத்தால் தாமே வானவில் வண்ணம் காட்டும். புதிதாக வந்தவர்கள் தட்டின் வண்ணத்தைத் துளியின் வண்ணம் என்று நினைத்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி வில்லையில் தொங்கும் துளிக்கு இந்தத் தொல்லை இல்லை.

மெத்திலீன் நீலம் அடுத்தது. புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அந்த நீர்க் கால்வாய்கள் வழியே சாயம் உள்ளே போய்ப் படிகம் நீலமாகும், சுற்றியுள்ள கரைசல் வெளுக்கும். உப்பின் அடுக்கில் சாயம் நுழைய இடமில்லை. ஆனால் செறிந்த உப்புக் கரைசலில் சாயமே ஊசிகளாகப் படிந்துவிடுவதும் உண்டு. புறஊதா ஒளியில் புரதத்தின் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஒளிர்வதைப் பார்க்கும் கருவி இருந்தால் வசதி. டிரிப்டோபான் இல்லாத இன்சுலின் போன்ற புரதம் அதில் இருண்டே இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது நுண்ணூசியால் தொட்டுப் பார்ப்பது. உப்பு ஊசிக்கு எதிர்த்து நிற்கும், அழுத்தினால் ‘டக்’கென்று தெறிக்கும், அந்த அதிர்வு விரலுக்கே தெரியும். புரதப் படிகம் எதிர்ப்பே இல்லாமல் பொலபொலவென்று உதிரும். ஒரே ஒரு படிகம்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்ய மனம் வராது, செய்யவும் கூடாது. அதை எக்ஸ் கதிரில் வைத்துவிடுவதே நல்லது: உப்பு என்றால் படத்தில் வெகு தொலைவுக்கொன்றாக நின்று எரியும் சில புள்ளிகள், புரதம் என்றால் நெருக்கமான வரிசைகளில் நூற்றுக்கணக்கான புள்ளிகள்.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது புரதமில்லாத துளி. புரதத்துக்குப் பதில் அதன் தாங்கல் கரைசலை மட்டும் வைத்து, மற்ற எல்லாம் அப்படியே. வெறும் நீரை வைத்தால் போதாது, ஏனென்றால் கால்சியமும் பாஸ்பேட்டும் அந்தத் தாங்கல் கரைசலில்தான் ஒளிந்திருக்கின்றன. மூன்று துளிகளுக்கு இடமுள்ள தட்டில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். இடம் வீண் என்று முனகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிப்சத்தை உறையவைத்து எக்ஸ் கதிர் நிலையம் வரை தூக்கிக்கொண்டு போவதைவிடவா?

புரதம்தான், ஆனால் யாருடைய புரதம்?

உப்பு இல்லை என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஈகோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து நிக்கல் பிணைந்த தூணில் (கரைசலை ஓடவிட்டுப் புரதத்தைப் பிடிக்கும் குழாயில்) பிரித்தெடுக்கும் சவ்வுப் புரதங்களோடு, ஏசிஆர்பி என்ற பாக்டீரியாவின் சொந்தப் புரதமும் ஒட்டிக்கொண்டு வரும். அதன் வால் முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் இருப்பதால் நிக்கல் அதையும் பிடித்துக்கொள்கிறது. கரைசலில் மிகச் சொற்பமாக இருந்தாலும் அது படிகமாகிவிடும். கூடவே இருக்கும் முக்கியப் புரதம் பேசாமல் கரைந்தே கிடக்கும். பல ஆய்வகங்களுக்கு இந்த அனுபவம் உண்டு என்பது வெளியீடுகளிலேயே பதிவாகியிருக்கிறது. அதன் அலகுக்கூட்டில், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய பெட்டியில், இரண்டு அச்சுகள் 145 ஆங்ஸ்ட்ராமுக்கு அருகிலும், மூன்றாவது 500-ஐத் தாண்டியும் இருக்கும். முதல் எக்ஸ் கதிர்ப் படம் கிடைத்ததும் அலகுக்கூட்டின் அளவுகளைப் புரதத் தரவு வங்கியில் தேடிப் பார்த்துவிடுவது சில நிமிட வேலை. செல்லை உடைக்கச் சேர்க்கும் லைசோசைமும் இப்படி எட்டிப் பார்க்கக்கூடிய புரதம்தான்.

வந்தேறிகள் எப்போதும் கெடுதல் செய்வதில்லை. ஈஸ்ட்டின் சிபிஎஸ்எஃப்-100 என்ற புரதம் 2006-இல் படிகமான கதை இதற்குச் சான்று. கரைசலில் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சை வெளியிட்ட நொதி புரதத்தின் தளர்ந்த பகுதிகளை வெட்டிவிட்டது, மிஞ்சிய இறுக்கமான பகுதி படிகமாயிற்று. இப்போது புரதத்தை அறுக்கும் நொதியைத் துளியில் வேண்டுமென்றே சிறிது சேர்ப்பது வழக்கமான உத்திகளில் ஒன்றாகிவிட்டது. ஆகவே நூல் போன்ற, கிளை விட்டுப் போகும் இழைகளைத் துளியில் கண்டால் பூஞ்சை என்று தெரிந்துகொள்வதோடு, அந்தத் துளியின் மூலையில் வேறு என்ன இருக்கிறது என்றும் பார்ப்பது நல்லது. கிளை விடாத, தடிமன் மாறாத ஒற்றை நூல் என்றால் அது பெரும்பாலும் துடைக்கும் காகிதத்தின் இழை. அதையும் வையவேண்டாம், படிகம் சில சமயம் அதைப் பற்றிக்கொண்டுதான் முளைக்கும். முடியையும் இழைகளையும் வேண்டுமென்றே துளியில் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு.

சிறு சிறு விசித்திரங்கள் இன்னும் சில. மோனோஒலீன் கொழுப்பில் செய்யும் சவ்வுப் புரதச் சோதனைகளில் அறை 18 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கொழுப்பே உறைந்து, போலரைசரில் நுண்படிகக் கூட்டம் போல மின்னும். சற்றுச் சூடேற்றினால் மறையும். புரதக் கரைசலில் கிளிசரால் அதிகமிருந்தால் துளி சுருங்குவதற்குப் பதில் வீங்கும். பெக் துளிகளின் மேல் சுருக்கம் விழுந்த தோல் படர்ந்தால், ஊசியால் தொடும்போது துளி முழுவதும் இழுபடும். உள்ளே படிகம் இருந்தால் தோலின் ஓரத்தைக் கீறி ஒதுக்கிவிட்டு எடுக்க வேண்டும், நடுவில் குத்தக் கூடாது.

மூடியைத் திறப்பதும் ஒரு சோதனைதான். 1938-இல் ஃபெலிக்ஸ் ஹாரோவிட்ஸ், ஆக்சிஜன் இல்லாத குதிரை ஹீமோகுளோபினின் அறுகோணத் தகடுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று உள்ளே நுழைய நுழைய அந்தத் தகடுகள் கரைந்து, சிவந்த வேறு படிகங்கள் உண்டாயின. ஆக்சிஜன் சேரும்போது அந்தப் புரதம் தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது என்பதற்கு அது கண்ணால் கண்ட சான்றாயிற்று. நம் துளிகளிலும் திறந்தவுடன் படிகம் வெடிப்பதும், புதிதாக ஊசிகள் கிளம்புவதும் நடக்கும். காரணம் பெரும்பாலும் ஆவியாதல். நானோலிட்டர் துளிக்கு அரை நிமிடமே அதிகம். திறக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படிகத்தை அள்ளி எடுக்கும் சிறு கண்ணியையும் குழிக்கரைசலையும் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள்.

மறுபடி வராதவை

கடைசியாக, எல்லோரையும் படுத்தும் விஷயம்: ஒரு தடவை வந்த வடிவம் அதே கரைசலில் மறுபடி வருவதில்லை. பேய் பிசாசு என்று சொல்லிச் சிரிப்போம். பெரும்பாலும் காரணம் புட்டியில் இருக்கிறது. பெக் பழசானால் பெராக்சைடுகளும் ஆல்டிஹைடுகளும் சேரும், அமிலத்தன்மை கூடும். பட்டியலில் எழுதியிருக்கும் பி.எச். ஒன்று, புட்டிக்குள் இருப்பது இன்னொன்று. அம்மோனியம் உப்புகளிலிருந்து அம்மோனியா வாயு கிளம்பித் துளியின் பி.எச்.ஐ மாற்றும். புரதம் ஆக்சிஜனேற்றம் அடையாமலிருக்கச் சேர்க்கும் டிடிடி (டைதயோதிரைட்டால்) உள்ள கரைசலில் தூணிலிருந்து கசிந்த நிக்கல் இருந்தால் நிறம் பழுப்பேறும். ஆகவே புதுக் கரைசல் கலக்குவதற்கு முன், வடிவம் வந்த அந்தத் தட்டின் குழியிலிருந்தே கரைசலை உறிஞ்சி எடுத்து ஒரு துளி வைத்துப் பாருங்கள். அதில் வந்து புதுக் கரைசலில் வராவிட்டால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. குழிக்கரைசலின் பி.எச்.ஐக் காகிதப் பட்டையால் அளந்து பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அந்த முதல் துளியைத் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ் கதிருக்கு உதவாத ஊசிக்கொத்தானாலும், முள் உருண்டையானாலும், குழிக்கரைசலைக் கொஞ்சம் சேர்த்து நசுக்கி, சிறு மணி போட்ட குழலில் குலுக்கிப் பொடியாக்கி, சிறு சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். குழலின் மேல் புரதத்தின் தயாரிப்பு எண், கரைசல் புட்டியின் தொகுதி எண், தேதி மூன்றையும் எழுதுங்கள். பிறகு எந்தப் புதிய தட்டு வைத்தாலும் ஒரு வரிசைத் துளிகளில் இந்த விதையையும் சேர்த்து வைக்கலாம். நல்ல படிகம் கிடைக்கும் கரைசல் பெரும்பாலும் விதை வந்த கரைசலாக இருப்பதில்லை என்பதால், 96 குழிகளிலும் விதைப்பதில் கஞ்சத்தனம் காட்டவேண்டாம்.